உண்டியலும் விருந்து மேசையும்

(மும்பை தாராவியில் தமிழ்க் கிளைகளின் பொது உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வட்டாரக் குழுவின் முன்மொழிவை நேற்றிரவு படித்தேன். இனி ஆண்டுதோறும் ஒரு நிதி விருந்து நடத்துவது. அனுமதிச் சீட்டு 2,000 ரூபாய். பத்துப் பேர் அமரும் மேசையை மொத்தமாக எடுப்போருக்கு 18,000 ரூபாய். அவர்களுக்கு மேடையில் பொன்னாடை. அலுவலக வாடகைக்கும் வழக்குச் செலவுக்கும் முழுநேர ஊழியர் இருவரின் உதவித்தொகைக்கும் லெவியும் உண்டியலும் போதவில்லை என்று குழு எழுதியிருப்பது உண்மை. அதை மறுக்க நான் வரவில்லை. சில்லறை வைத்திருப்போரே அருகிவிட்ட காலத்தில் தகர உண்டியலைக் குலுக்கினால் ஓசைகூட எழுவதில்லை.

என் தொழில் மொழிபெயர்ப்பு. ஒரு சொல்லில் கால் இடறினால் அங்கேயே நின்றுவிடுவது தொழிற்குற்றம், பொறுத்தருள வேண்டும். 'விருந்து' என்ற சொல்லைத் தொல்காப்பியம் புதுமை என்னும் பொருளில் ஆள்கிறது. பின்னர் அது புதிதாய் வருபவரைக் குறித்தது; அவருக்கு இடும் உணவையும் குறித்தது. பணம் பெற்றுக்கொண்டு இடும் உணவுக்கும் நம்மிடம் பெயர் உண்டு. புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்திலிருந்து வந்த தோழர்கள் அதை அறிவார்கள். ஆடியிலும் ஆவணியிலும் நடக்கும் மொய் விருந்துதான் அது. இலையில் கறிச்சோறு, வாசலில் நோட்டு, நோட்டில் பெயர், ஊர், தொகை. வாங்கியவர், எழுதியவரின் முறை வரும்போது அதைத் திருப்பிச் செய்தே தீர வேண்டும்; சற்றுக் கூட்டிச் செய்வதே வழக்கம். மொய் நன்கொடை அன்று, கடன்.

முதலாளித்துவக் கட்சிகளின் நிதி விருந்தும் இந்த வகையைச் சேர்ந்ததே. ஆனால் பேராவூரணி மொய் நோட்டில் இருக்கும் நேர்மை அதில் இல்லை. அங்கே யாருக்கு யார் கடன்பட்டார் என்பது ஊருக்கே தெரியும். இங்கே அது மறைக்கப்படுகிறது; கடன் மட்டும் தவறாமல் தீர்க்கப்படுகிறது.

வரலாற்றைச் சற்றே திரும்பிப் பாருங்கள். 1969இல் கம்பெனிகள் கட்சிகளுக்கு நிதி தருவது தடை செய்யப்பட்டது. பணம் நின்றதா? இல்லை, கறுப்புப் பணமாக வந்தது. சட்டப்படி வர வேண்டும் என்று விரும்பியவர்கள் மாநாட்டு மலர்களில் பக்கம் பக்கமாக விளம்பரம் வாங்கினார்கள். எவரும் படிக்காத மலர். அதற்கு விளம்பரக் கட்டணம். 1985இல் தடை நீங்கியது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதம் வரை தரலாம் என வரம்பிட்டது. 2017இல் மோடி அரசு அந்த வரம்பையே எடுத்துவிட்டு, தந்தவர் பெயரை மக்கள் அறிய முடியாத தேர்தல் பத்திரத்தைக் கொண்டுவந்தது. ஆறாண்டுகளில் 16,000 கோடி ரூபாய்க்கு மேல் பத்திரங்கள் விற்றன. ஏறத்தாழப் பாதி பாஜகவுக்குப் போயிற்று. இடதுசாரிக் கட்சிகள் அந்தப் பணத்தைத் தொடவில்லை. வழக்குத் தொடுத்தவர்களுள் மார்க்சிஸ்ட் கட்சியும் ஒன்று. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அத்திட்டத்தை அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று ரத்து செய்தது. வாக்காளருக்கு அறியும் உரிமை உண்டு என்பதே தீர்ப்பின் சாரம்.

விருந்து மேசையும் நம் நாட்டில் புதிதன்று. ஆம் ஆத்மி கட்சி 2014 மார்ச்சில் நாகபுரியில் தன் தலைவருடன் உணவருந்த ஒருவருக்கு 10,000 ரூபாய் என விருந்து நடத்தியது. அதே ஆண்டின் பிற்பகுதியில் இதே மும்பையில் அது 20,000 ஆயிற்று. வெளிப்படையாகத்தானே வாங்குகிறோம் என்று கேட்டார்கள். தொடக்கத்தில் நன்கொடையாளர் பட்டியலை இணையதளத்திலும் இட்டார்கள். பின்னர் அந்தப் பட்டியல் அங்கிருந்து மறைந்தது.

இப்போது நம் முன்மொழிவுக்கு வருகிறேன். ஒருவர் ஓராண்டில் தருவது 20,000 ரூபாய்க்கு மேற்பட்டால் கட்சி அவர் பெயரைத் தேர்தல் ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டும். நம் மேசையின் விலை 18,000. குழுவில் எவரும் இதை எண்ணி எழுதியிருக்க மாட்டார்கள். சீட்டு பத்தை மொத்தமாக எடுத்தால் தள்ளுபடி என்ற கடைக்காரக் கணக்குத்தான் அது. ஆனால் நாளை ஒரு நாளேடு வேறு விதமாக எழுதினால், தேர்தல் பத்திரத்தை எதிர்த்த நாம் என்ன விடை சொல்வோம்?

அதைவிடப் பெரிய கேள்வி, மேசையை எடுக்கப்போவது யார் என்பது. இந்தக் கூட்டத்தில் இருப்போரில் 2,000 ரூபாய் தந்து ஒரு வேளை உண்ணக்கூடியவர் எத்தனை பேர்? தாராவி மறுசீரமைப்பு ஏலத்தை 2022 நவம்பரில் அதானி குழுமம் வென்றது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்போருக்கே இங்கேயே இலவச வீடு என்கிறது திட்டம். மாடியில் குடியிருப்பவருக்கும் தோல் பட்டறையில் உறங்கி எழும் தொழிலாளிக்கும் தாராவிக்குள் வீடு உண்டா என்பதுதான் நம் போராட்டம். இந்த நேரத்தில் ஒரு துணை ஒப்பந்ததாரர் இரண்டு மேசைகளை எடுத்துப் பொன்னாடை பெற்றுக்கொள்கிறார் என்று வையுங்கள். அவர் நம்மிடம் ஒன்றும் கேட்க வேண்டியதில்லை. மறுநாள் அவருடைய ஆட்கள் கணக்கெடுக்க வரும்போது, தடுத்து நிற்கும் நம் தோழரின் குரல் ஒரு படி தாழும். அந்த ஒரு படிதான் மொய்.

பல ஆண்டுகளுக்கு முன் 90 அடி சாலையில் உண்டியலோடு சென்றேன். இட்லி விற்கும் அம்மா ஒருவர் பத்து ரூபாய்த் தாளைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "காசு தர்றேன் தம்பி. போன தடவை வந்தப்ப ரேஷன் கார்டுல என் மருமக பேரைச் சேர்க்கிறோம்னு எழுதிட்டுப் போனீங்களே, அது என்னாச்சு?" உடன் வந்த கிளைத் தோழர் விழித்தார். எழுதிய தாள் தொலைந்திருந்தது. அன்று மாலையே மீண்டும் எழுதி வாங்கினோம். மூன்று மாத அலைச்சலுக்குப் பின் பெயர் ஏறியது. நம்மை 'உண்டியல் குலுக்கிகள்' என்று ஏளனம் செய்வோருக்கு இது விளங்காது. பத்து ரூபாய் தந்தவரும் கடனைத்தான் கேட்டார். ஆனால் அந்தக் கடனைத் தீர்ப்பதுதானே நம் வேலை!

அப்படியானால் விருந்தே வேண்டாமா? வேண்டும். கேரளத்தில் இந்திய ஜனநாயக வாலிபர் சங்கம் 2020இல் பழைய செய்தித்தாளும் இரும்பும் சேகரித்து விற்று, முதலமைச்சர் நிவாரண நிதிக்கு 10 கோடி ரூபாய்க்கும் மேல் தந்தது. 2024 வயநாடு நிலச்சரிவுக்குப் பின் பிரியாணி சமைத்துப் பொட்டலமாக விற்று வீடு கட்ட நிதி திரட்டியது. அது நிவாரண நிதி, கட்சி நிதி அன்று. என்றாலும் முறை நாம் கற்கத்தக்கது: சமைப்பதும் தோழர்கள், வீடு வீடாகக் கொண்டு செல்வதும் தோழர்கள்.

ஆகவே என் திருத்தம் இது. சீட்டு 100 ரூபாய், மேசை விற்பனை இல்லை, பொன்னாடை இல்லை. கட்டுமான ஒப்பந்ததாரரிடமும் அவர்தம் தரகரிடமும் பணம் பெறுவதில்லை என்று தீர்மானத்திலேயே எழுத வேண்டும். செல்பேசி வழி அனுப்புவோருக்கு க்யூஆர் அட்டை. பணம் கட்சிக் கணக்குக்கே போக வேண்டும், எந்தத் தோழரின் சொந்தக் கணக்குக்கும் அன்று. தந்தவர் பெயரும் தொகையும், 100 ரூபாயானாலும், ஒரு வாரத்துக்குள் அலுவலகச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். இப்படிச் செய்தால் குழு எதிர்பார்த்த தொகையில் பாதிகூட முதல் ஆண்டில் வராமற்போகலாம். முழுநேர ஊழியர் இருவரும் இங்கே அமர்ந்திருக்கிறார்கள்; அவர்கள் முகத்தைப் பார்த்தே இதைச் சொல்கிறேன். எஞ்சும் குறைக்கு லெவியை உயர்த்துவது பற்றி இன்றே பேசுவோம். மாதச் சம்பளம் வாங்கும் என்னைப் போன்றோரிடமிருந்து அது தொடங்கட்டும்.

பெரிய அண்டா இரண்டு லேபர் கேம்ப் கிளையிடம் இருப்பதாகத் தோழர்கள் சொன்னார்கள். ஐந்நூறு பேருக்குச் சமைக்க இன்னும் ஒன்று வேண்டும்.