அறுந்தது கம்பியல்ல!

(மின்துறைத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2012ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30ஆம் நாள், விடியற்காலை 2 மணி 33 நிமிடம். தில்லியும் பஞ்சாபும் உத்தரப்பிரதேசமும் உறங்கிக் கொண்டிருந்த வேளையில், வடமண்டல மின்தொகுப்பு சரிந்து வீழ்ந்தது. அரும்பாடுபட்டு அதை நிமிர்த்தினார்கள். மறுநாள் பகல் ஒரு மணிக்கு மீண்டும் வீழ்ந்தது. இம்முறை கிழக்கையும் வடகிழக்கையும் உடன் இழுத்துக்கொண்டு! அறுபது கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் நிலப்பரப்பில் மின்சாரம் இல்லை. ரயில்கள் நடுவழியில் நின்றன. வங்காளத்து நிலக்கரிச் சுரங்கங்களில் மின்தூக்கிகள் இயங்காது, தொழிலாளர் மண்ணுக்கடியில் சிக்கிப் பின்னர் மீட்கப்பட்டனர்.

புயலா அடித்தது? இடியா விழுந்தது? இல்லை. பீனாவையும் குவாலியரையும் இணைக்கும் 400 கிலோவோல்ட் தடம் விலகியது. கம்பி அறுந்ததா என்றால், அதுவும் இல்லை! துணைநின்ற தடங்கள் பல அப்போது பணியில் இல்லை; அவற்றின் சுமை இதன் தலையில் ஏறிற்று. மேற்கே மின்சாரம் மிகுந்து கிடந்தது; வடக்கே சில மாநிலங்கள் ஒதுக்கிய அளவுக்கு மேல் இழுத்தன. அந்தப் பெருஞ்சுமையைப் பழுதென்று பிழையாக உணர்ந்த காப்புக் கருவி, தடத்தை விலக்கிவிட்டது.

நம் ஊர் வாய்க்காலில் முறைநீர் பாய்வதை அறிவீர்கள். தலைமடைக்காரன் இரவோடிரவாக மடையை அகல வெட்டினால் கடைமடைக்காரனின் பயிர் வாடும். மின்தொகுப்பில் நிலைமை இன்னும் கொடியது. வெட்டியவனும் வாடியவனும் ஒரே நொடியில் இருட்டில் நிற்பார்கள்.

இன்னொன்றையும் கேளுங்கள். தொகுப்பின் நலத்தை அறிய, நொடிக்கு 50 என்னும் அதிர்வெண்ணைப் பார்ப்பது வழக்கம். முதல்நாள் வீழ்ச்சிக்குச் சற்று முன் அது 49.68, மறுநாள் 49.84. நாடி பார்த்தவர் நலமென்றுதான் சொல்லியிருப்பார்! அடைப்பு நாளத்தில் இருந்தது. உற்பத்தியும் தேவையும் சமமாயிருந்தால் போதாது. எந்த வழியே எவ்வளவு பாய்கிறது, ஒரு தடம் போனால் மற்றவை தாங்குமா என்று முன்கூட்டியே கணக்கிட வேண்டும். அதற்குத்தான் திட்டமிடல் என்று பெயர்.

அன்று தெற்கு தப்பியது. நம் சாமர்த்தியம் என்று மார்தட்ட வேண்டாம். தால்ச்சர்–கோலார் தடம் போன்ற நேர்திசை மின்னோட்டப் பாதைகளே நம்மை வடக்கோடு பெரிதும் இணைத்திருந்தன. அவை மின்சாரத்தைத் தரும், அதிர்வைத் தொற்றவிடா. ஆனால் அதே 2012இல் தமிழ்நாடு பட்ட பாடு மறந்துவிட்டதா? நாளுக்குப் பல மணிநேர மின்வெட்டு! கோவையிலும் திருப்பூரிலும் டீசலுக்குக் கொட்டிக் கொடுத்தார்கள் சிறுதொழில் நடத்துவோர். மேற்கே மின்சாரம் இருந்தும் நம் வாசலுக்கு வரப் பாதை போதவில்லை. காத்த சுவரே பசித்தவனுக்குத் தடையாகவும் நின்றது.

2013 டிசம்பர் 31இல் ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடம் நாட்டை ஒரே அதிர்வில் கட்டியது. நல்லதே. பைக்காராவையும் மேட்டூரையும் பாபநாசத்தையும் பிணைத்துப் பார்த்த மண்ணல்லவா இது! பாசனத்துக்கு நீர் திறக்காத நாளில் மேட்டூரின் விசைப்பொறி ஓய்ந்தால், மற்றொரு நிலையம் தோள் கொடுக்கும். இணைப்பின் நன்மை நமக்குப் புதிதன்று.

ஆனால் தடம் வானத்தில் போவதில்லை, தோழர்களே. முப்பந்தலில் காற்றாலையை விரைவில் நட்டுவிடலாம். அதன் மின்சாரத்தைச் சுமக்கும் கோபுரவரிசைக்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். சத்தீசுகரின் ராய்கரிலிருந்து நம் புகளூருக்கு 6,000 மெகாவாட் கொண்டுவரும் பெருந்தடம் அமைந்தபோது, கொங்குநாட்டு உழவர்கள் போராடினார்கள். அவர்கள் மின்சாரத்தின் பகைவர்களா? அல்லர். கோபுரம் நிற்கும் நிலத்தின் மதிப்பு வீழ்கிறது. கம்பியின் கீழே தென்னை வளர்க்க முடியாது. அதற்கு ஈடு எவ்வளவு, ஒரு முறையா, ஆண்டுதோறுமா என்றுதான் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு விடை சொல்லாத பொறியியல் வரைபடம் முழுமையான திட்டமாகாது. அடுத்த தடத்துக்கு அளவைக்கல் நடுமுன்னரே நம் கிளைத் தோழர்கள் அந்த ஊர்களுக்குச் சென்றிருக்க வேண்டும். நட்ட பின்னர் அல்ல.