பாம்பு கடித்தால் கயிறு கட்டாதீர்!
(கிளமெண்டியில் ஆற்றிய உரை)



இந்தக் கிளமெண்டியில் 2011 வரை ரயில் ஓடிய தடத்தை ஒட்டி நிற்கும் காடு ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். தோட்டம் போயிற்று, பாம்பு போகவில்லை. கண்ணைப் பார்த்து விஷம் துப்பும் கறுத்த நாகம் இத்தீவில் உண்டு. கண்ணில் பட்டால் கசக்கக் கூடாது. நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஆனால் பால்வெட்டுக்காரருக்குப் பெரிய பகைவன் வடக்கே, கெடா, பெர்லிஸ் பக்கம் இருக்கிறான். மலாய்க்காரர் 'காப்பாக்' என்னும் விரியன். சருகு நிறத்தில் சருகுக்குள் கிடப்பான். ஆள் வந்தாலும் நகர மாட்டான். இருட்டோடு நிரையில் நடக்கும் கால் அவன்மேல் படுகிறது.

1950, 60களில் பினாங்கு ஆஸ்பத்திரியில் டாக்டர் அலிஸ்டர் ரீட் இப்படிக் கடிபட்டவர்களை நூற்றுக்கணக்கில் கவனித்தார். ஏறத்தாழப் பாதிப் பேருக்கு விஷம் ஏறவே இல்லை, அல்லது மிகச் சொற்பமே ஏறியது என்று கண்டார். மந்திரிப்பவரின் புகழ் எப்படி வளர்ந்தது என்று இப்போது விளங்குகிறதா? பாம்பு விஷம் விடாத கடிக்கெல்லாம் பெயர் அவருக்கு! விஷம் ஏறியவனுக்கோ பொழுது வீணாகிறது.

அடுத்தது கயிறு. வீங்கும் காலை இறுகக் கட்டினால் இரத்த ஓட்டம் நின்று சதை அழுகும். விஷத்துக்குத் தப்பிய கால் கயிற்றுக்குப் போகும். பால்வெட்டுக் கத்தியால் கீறுவது அதைவிட மோசம். இந்த விரியனின் விஷம் இரத்தத்தை உறைய விடாது. கீறிய இடம் நிற்காமல் ஒழுகும். வாயால் உறிஞ்சுவதும் வேண்டாம்.

பின் என்ன செய்வது? கடிபட்டவரை உட்கார வைத்துத் தைரியம் சொல்லுங்கள். மெட்டி, கொலுசு, மோதிரத்தைக் கழற்றுங்கள். எலும்பு முறிந்த காலுக்குச் செய்வது போலக் குச்சி வைத்து, அசையாதபடி தளர்வாகக் கட்டுங்கள். நடக்க விடாமல் தூக்கிச் செல்லுங்கள். பாம்பைத் துரத்தி இன்னொருவர் கடிபட வேண்டாம். எட்ட நின்று கைப்பேசியில் படம் பிடித்தால் போதும். கடித்த நேரத்தைக் குறித்துக் கொடுப்பது கிராணியார் வேலை. ஏறிய விஷத்தை முறிப்பது ஆஸ்பத்திரி ஊசி மருந்துதான். சிங்கப்பூரில் 995க்கு அழையுங்கள்.

முழங்கால் வரை பூட்ஸ், நல்ல டார்ச் இரண்டும் இருந்தால் பெரும்பாலான கடி நேராது. இவற்றை நிர்வாகத்திடம் கேட்பது சலுகை அல்ல. ஆபத்துக்கு லாரி கேட்டால், "பால் ஏற்றப் போயிருக்கிறது" என்ற பதிலை இனி எந்தத் தோட்டத்திலும் ஏற்காதீர்கள்.