ஆரல்வாய்மொழிக் காற்று வடசேரிக்கு வராது



புகை மாசு டெல்லிக்காரன் தலையெழுத்து. கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களான நமக்கு ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகளைச் சுழற்றுகிற காற்று நம் புகையையும் அள்ளிக்கொண்டு போய்விடும் என்று ஒரு வாதம் உண்டு. மாவட்டம் முழுவதற்கும் சராசரி போட்டால் அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கலாம். ஆனால் எந்த மனிதனும் சராசரியைச் சுவாசிப்பதில்லை. நாகர்கோவில் வடசேரி பஸ் நிலைய வாசலில் நிற்பவர் மூக்குக்கும் முன்னால் உறுமும் வண்டியின் புகைக்குழாய்க்கும் நாலடிதான் தூரம். அந்த நாலடிக்குக் கடற்காற்று வந்து சேருமுன் புகை நெஞ்சுக்குள் இறங்கிவிடுகிறது. நம் நாட்டு விதி அனுமதிக்கும் நுண்துகள் ஆண்டுச் சராசரி, கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன அளவோ 5. சட்டம் சுத்தம் என்று சொல்லும் காற்றிலேயே எட்டு மடங்கு அழுக்குக்கு இடமிருக்கிறது!

இதற்கு அரசு தரும் மருந்து புகைச் சான்றிதழ். இல்லையென்றால், 2019 சட்டத் திருத்தப்படி 10,000 ரூபாய் வரை அபராதம். டீசல் வண்டியை நின்ற இடத்தில், சுமையில்லாமல் முடுக்கிப் புகையின் கருமையைப் பார்க்கிறார்கள். அதே டாரஸ் லாரி கல்லும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு களியக்காவிளை வழியாகக் கேரளத்துக்கு முக்கி முனகிப் போகும்போது கக்குவதை அந்தக் கருவி கண்டதே இல்லை. சான்றிதழே வேண்டாம் என்பதல்ல என் வாதம். பழுதான எஞ்சினை அது காட்டிக்கொடுக்கும். ஒரே சாலையில் ஆயிரம் வண்டி திரள்வதை அது எப்படித் தடுக்கும்? 2020 முதல் பிஎஸ்-6 புகை விதி வந்துவிட்டதே என்பார்கள். நல்ல விதிதான். ஆனால் டெல்லியில் நடந்ததைப் பாருங்கள். உச்ச நீதிமன்றம் 1998 ஜூலையில் பஸ்களை இயற்கை எரிவாயுவுக்கு மாற்றச் சொன்னது. 2001 ஏப்ரலுக்குள் பஸ்களின் எண்ணிக்கையை 10,000 ஆக்கவும் சொன்னது. முதலாவது இழுபறிக்குப் பிறகு நடந்தது. இரண்டாவதோ, கெடு தாண்டியும் நடக்கவில்லை. புகைக்குழாய் சுத்தமானது, சாலை நிறையக் கார் வந்தது, கிடைத்த ஆதாயம் கரைந்தது.

நம் மாவட்டத்தில் 2011 கணக்குப்படியே சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல். ஊரோடு ஊர் ஒட்டிக் கிடக்கும் இந்த மண்ணைவிட பஸ்ஸுக்குத் தோதான இடம் வேறெது? நாமோ 2018இல் மார்த்தாண்டத்திலும் பார்வதிபுரத்திலும் மேம்பாலம் திறந்து வண்டிகளுக்கு வழிவிட்டோம். 2021 முதல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் கொடுத்தோமே என்று கேட்கலாம். நியாயம், அதை வரவேற்கிறேன். டிக்கெட் இலவசம், சரி. நேரத்துக்கு பஸ் வந்தால்தானே அந்த டிக்கெட்டுக்கு மதிப்பு? வராத பஸ்ஸுக்குக் காத்து அலுத்தவர் கடன் வாங்கி பைக் வாங்குகிறார். அவரையே மாசுக்காரர் என்று நிறுத்தி அபராதம் எழுதுகிறோம். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் மேம்பாலம் கேட்காதீர்கள். எந்தத் தடத்தில், எத்தனை புதிய பஸ், எந்த மாதம் என்று கேளுங்கள்.