சால்டரிங் அயர்ன் யார் கையில், துடைப்பம் யார் கையில்?



அரசுப் பள்ளியில் ரோபோட்டிக்ஸ் குழு தொடங்க என்ன வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். ஒரு ஆர்டுயினோ போர்டு, இரண்டு மோட்டார்கள், ஒரு மோட்டார் டிரைவர், இரண்டு அகச்சிவப்பு சென்சார்கள், பேட்டரி. தரையில் ஒட்டிய கருப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடும் வண்டி செய்ய இவ்வளவு போதும். 2,000 ரூபாய்க்குள் முடித்துவிடலாம். பணத்தைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு. குழுவில் எந்த வேலையை யார் செய்வது?

முனைவர் பட்ட ஆய்வுக்கு நடுவே, சனிக்கிழமைகளில் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் 9ஆம் வகுப்புப் பிள்ளைகள் 12 பேரோடு குழு தொடங்கினேன். "பிடித்த வேலையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னேன். சுதந்திரம் கொடுப்பதாக எனக்கு நினைப்பு.

மூன்றாவது வாரம்தான் கண்ணில் பட்டது. வீட்டில் கணினி இருந்த இரண்டு பையன்கள் லேப்டாப்பை விட்டு எழவே இல்லை. பெண்பிள்ளைகள் சார்ட் பேப்பரில் படம் வரைந்துகொண்டிருந்தார்கள். காலனியிலிருந்து வந்த மூன்று பேர் மேசையை நகர்த்தினார்கள், ஒயர் துண்டுகளைப் பெருக்கினார்கள். யாரும் யாரையும் ஏவவில்லை. ஊர் வேலையை எப்படிப் பிரித்து வைத்திருக்கிறதோ, வகுப்பறையும் அப்படியே பிரிந்திருந்தது.

சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்பவர்களையே பிரிக்கிறது என்று அண்ணல் அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் விளக்கினார். என் ஆய்வில் பலமுறை எடுத்தாண்ட கருத்து அது. என் கண் முன்னால் நடந்தபோது மூன்று வாரம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை விதியை மாற்றினோம். வாரத்துக்கு ஒரு தலைவர். நிரல் எழுதுவது, மின்சுற்று, வண்டியின் உடல், பெருக்குவது, நான்கும் எல்லோருக்கும் சுழற்சி முறையில். முதல் வாரம் துடைப்பம் என்னுடையது. லேப்டாப் பையன்களில் ஒருவன் கோபித்துக்கொண்டு இரண்டு வாரம் வரவில்லை. வேலையும் மெதுவானது. "இப்படிப் போனால் எப்படி ஜெயிப்பீர்கள்?" என்று ஆசிரியர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

போட்டியன்று முதல் சுற்றில் எங்கள் வண்டி கோட்டை விட்டு விலகி ஓடியது. நான் நிரலைத் திறந்தேன். முதல் மூன்று வாரமும் பெருக்கிக்கொண்டிருந்த பிள்ளை என்னைத் தடுத்தாள். "அக்கா, நிரல்ல தப்பு இல்ல. ஜன்னல் வழியா வெயில் அடிக்குது, சென்சார் குழம்புது" என்றாள். வெயிலிலும் அகச்சிவப்புக் கதிர் உண்டு. சென்சாரில் இருக்கும் சின்னத் திருகை ஸ்க்ரூடிரைவரால் கொஞ்சம் திருப்பினாள். இரண்டாவது சுற்றில் வண்டி கடைசிவரை ஓடியது. பரிசு கிடைக்கவில்லை.

பழைய விதியே இருந்திருந்தால், அந்தப் பிள்ளைக்கு இது தெரியும் என்று எனக்குத் தெரிந்திருக்காது. அவளுக்கும் தெரிந்திருக்காது.

குழு தொடங்கப்போகும் தோழர்களுக்கு ஒன்று சொல்வேன். யார் கையில் சால்டரிங் அயர்ன், யார் கையில் துடைப்பம் என்று ஒவ்வொரு வாரமும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நான்கு வாரமும் அதே பெயர்கள் வந்தால், அது பிள்ளைகளின் விருப்பம் என்று நம்பிவிடாதீர்கள்.

ஜெய்பீம்.