வீடியோ கேம் கடை வாசலில்



“போய் அண்ணனைக் கூட்டிட்டு வா.”

1996, 97 வாக்கில், சாயங்காலம் ஆறரை மணியானால் எங்கள் வீட்டில் அம்மா போடும் உத்தரவு இது. அப்போது குரோம்பேட்டையில் குடியிருந்தோம். எனக்கு ஒன்பது, பத்து வயது. அண்ணன் எங்கே இருப்பான் என்று நானும் கேட்க மாட்டேன், அம்மாவும் சொல்ல மாட்டார். மாவு மில்லுக்கு அடுத்த வீட்டின் முன்னறையில் ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. பெயர்ப் பலகை கிடையாது. வாசலில் கிடக்கும் செருப்புகள்தான் அடையாளம். பத்து ஜோடிக்கு மேல் கிடந்தால் உள்ளே ‘முஸ்தபா’ ஓடுகிறது என்று அர்த்தம்.

கேட்டுக்கொண்டிருப்பவர்களில் முப்பத்தைந்தைத் தாண்டிய ஆண்கள் இந்நேரம் சிரித்திருப்பீர்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1993-இல் வெளியிட்ட ஆட்டம் அது. உண்மைப் பெயர் ‘கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்’. மார்க் ஷுல்ட்ஸ் என்ற அமெரிக்கர் வரைந்த சித்திரக்கதையிலிருந்து எடுத்தது. நம்மூரில் அந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆட்டத்தில் முஸ்தபா என்று தொப்பி போட்ட ஒருவன் வருவான். ஓடிவந்து எகிறி உதைப்பான். பையன்களுக்கு அது போதும், ஆட்டத்துக்கே அவன் பெயரை வைத்துவிட்டார்கள். அதே 1996-இல் ‘காதல் தேசம்’ படம் வந்தது. ரஹ்மான் இசையமைத்த பாட்டு ஒன்றில் அந்தப் பெயர் தெருவெல்லாம் கேட்டது. படத்துக்கும் ஆட்டத்துக்கும் ஏதோ சொந்தம் இருக்கிறது என்று நான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

கடைக்குள் இரண்டு டிவி, ஒரு பெரிய பெட்டி. டிவியில் ஆடுவதற்கு ஒரு மணி நேரம் பத்து ரூபாய், அரை மணிக்கு ஐந்து. பெட்டிக்கு ஒரு ரூபாய் காசு. கடைக்கார அண்ணா துபாயிலிருந்து திரும்பி வந்தவர். ஸ்கூல் சிலேட்டு ஒன்றில் யார் எப்போது உட்கார்ந்தார்கள் என்று எழுதி வைத்திருப்பார். நேரம் முடிந்தால் சத்தம் போட மாட்டார். சாக்பீஸால் சிலேட்டைத் தட்டுவார், அவ்வளவுதான். அந்தச் சத்தத்துக்கு அண்ணன் பயந்த மாதிரி எங்கள் அப்பாவுக்குக்கூடப் பயந்ததில்லை.

ஆடுகிறவர்கள் நாலு பேர் என்றால் வேடிக்கை பார்க்கிறவர்கள் பத்துப் பேர். காசு இல்லாதவனுக்குத்தான் வாய் நீளம். “குனிடா, குனிடா!” “அந்தப் பேரலை உடை, உள்ள சாப்பாடு இருக்கு!” ஆடுகிறவன் காதில் எதுவும் விழாது. ஆனாலும் அந்தப் பத்துப் பேரை கடைக்காரர் ஒருநாளும் விரட்டியதில்லை. இன்றைக்கு வேடிக்கை பார்க்கிறவன் நாளைக்குப் பத்து ரூபாயோடு வருவான் என்ற கணக்கு அவருக்குத் தெரிந்திருந்தது.

நான் வாசற்படிக்கு இந்தப் பக்கம் நிற்பேன். உள்ளே போகக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் உள்ளே ஒரு பெண்பிள்ளையைக்கூட நான் பார்த்ததில்லை. “அம்மா கூப்பிடுறாங்க” என்பேன். “அஞ்சு நிமிஷம்” என்பான். அந்த ஐந்து நிமிஷம் இருபது ஆகும். அந்த இருபது நிமிஷத்துக்காகத்தான் அம்மா சொன்னதும் நான் ஓடி வந்தேன் என்பது அவனுக்குத் தெரியாது.

வாசலில் நின்றே நிறையக் கற்றுக்கொண்டேன். ‘கான்ட்ரா’ என்று ஒரு ஆட்டம். நீல பேன்ட் ஒருவன், சிவப்பு பேன்ட் ஒருவன், கையில் துப்பாக்கி, ஒரு குண்டு பட்டால் உயிர் போச்சு. அதில் அருவியில் ஏறுகிற கட்டம் ஒன்று உண்டு. முன்னால் போகிறவன் வேகமாக ஏறினால் திரையும் சேர்ந்து மேலே நகரும். பின்னால் வருகிறவன் கீழே மாட்டிச் செத்துப்போவான். அண்ணனும் அவன் உயிர் நண்பனும் அந்த அருவியில் சண்டை போட்டு இரண்டு வாரம் பேசாமல் இருந்தார்கள்.

கான்ட்ராவுக்கு ஒரு மந்திரம் இருந்தது. ஆட்டம் தொடங்குமுன் பட்டன்களை ஒரு வரிசையில் அழுத்தினால் மூன்று உயிருக்குப் பதில் முப்பது உயிர். அண்ணன் அதைப் பரம ரகசியமாக வைத்திருந்தான். திரைக்கு முதுகைக் காட்டி, ஜாய்ஸ்டிக்கை வயிற்றோடு ஒட்டிப் பிடித்து அழுத்துவான். வாசலிலிருந்து பார்த்தால் அவன் கட்டைவிரல் எனக்கு நன்றாகத் தெரியும். மேலே இரண்டு, கீழே இரண்டு, இடம் வலம், இடம் வலம், அப்புறம் பி, ஏ. பிற்பாடுதான் தெரிந்தது, உலகம் முழுக்கப் பையன்கள் இதே மந்திரத்தை இதே மாதிரி ஒளித்து வைத்திருக்கிறார்கள். இதை எழுதியவர் கோனாமி நிறுவனத்தில் வேலை பார்த்த கசுஹிசா ஹஷிமோட்டோ. 1986-இல் ‘கிரேடியஸ்’ என்ற ஆட்டத்தைச் சோதித்துப் பார்க்கும்போது, ஆட்டம் தனக்கே கஷ்டமாக இருக்கிறது என்று இந்தக் குறுக்குவழியைப் போட்டிருக்கிறார். எடுக்க மறந்துவிட்டார். 2020 பிப்ரவரியில் அவர் இறந்த செய்தி வந்தபோது அண்ணனுக்கு போன் செய்து சொன்னேன். “உனக்கு எப்படி அந்தக் கோட் தெரியும்?” என்றான். இருபத்துச் சொச்சம் வருஷம் கழித்து!

அடுத்த தீபாவளி போனஸில் வீடியோ கேம் பெட்டி வாங்க அப்பா எங்களை பர்மா பஜாருக்குக் கூட்டிப்போனார். எலக்ட்ரிக் டிரெயினில் பீச் ஸ்டேஷன். அப்போது அந்தப் பாதை இன்னும் மீட்டர் கேஜ்தான். ஆடிக்கொண்டே போகும். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் சாலையோரம் நீளத்துக்குக் கடைகள். பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த தமிழர்களுக்குப் பிழைக்க ஒரு வழியாக 1969-இல் உருவான பஜார் அது. அப்பா விலை பேசும்போது நாங்கள் இருவரும் மூச்சு விடாமல் நின்றோம். எண்ணூறு என்றார் கடைக்காரர். அப்பா நடக்க ஆரம்பித்தார். அண்ணன் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. பத்தடி போனதும் பின்னாலிருந்து கூப்பிட்டார்கள். ஐந்நூற்று ஐம்பதுக்கு முடிந்தது.

நாங்கள் வாங்கியது, ஜப்பானில் நின்டெண்டோ 1983 ஜூலையில் விற்பனைக்கு விட்ட ‘ஃபேமிலி கம்ப்யூட்டர்’ பெட்டியின் நகல் என்று அப்போது யாருக்குத் தெரியும்? கேசட்டின் மேல் 9999 ஆட்டம் என்று போட்டிருந்தது. அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எண்ணினான். சில டஜன் ஆட்டங்களே திரும்பத் திரும்ப வந்தன. கேசட் வேலை செய்யவில்லை என்றால் எடுத்து வாயால் ஊதிச் செருகுவோம். உண்மையில் பலன் தந்தது ஊதியது அல்ல. எடுத்து மறுபடி செருகியதில் பின்கள் சரியாக உட்கார்ந்தன, அவ்வளவுதான். எச்சில் ஈரம் பின்களைத் துருப்பிடிக்க வைக்கும். சொன்னால் அண்ணன் இன்றைக்கும் ஒப்புக்கொள்ள மாட்டான்.

பெட்டியோடு ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கியும் வந்தது, வாத்துச் சுடுகிற ஆட்டத்துக்கு. சுடத் தவறினால் புல்லுக்குள்ளிருந்து ஒரு நாய் எழுந்து சிரிக்கும். துப்பாக்கி எப்போதும் அண்ணனிடம். ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்க மட்டும் ஒன்றாம் நம்பர் ஜாய்ஸ்டிக் வேண்டும். அது என் கையில். சும்மா அழுத்திக்கொண்டிருந்தபோது ஒருநாள், நான் அழுத்துகிற பக்கம் வாத்து திரும்புவது போலிருந்தது. சொன்னேன். “லூசு” என்றான். சரி என்று விட்டுவிட்டு, சத்தம் போடாமல் தொடர்ந்து அழுத்தினேன். அன்றைக்கு அவனுக்கு ஒரு வாத்தும் விழவில்லை. நாய் சிரித்துக்கொண்டே இருந்தது. பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன்: ஒற்றை வாத்து பறக்கும் ஆட்டத்தில், ஜாய்ஸ்டிக் வைத்திருப்பவர் வாத்தை ஓட்டலாம் என்று அதைச் செய்தவர்களே வைத்திருக்கிறார்கள்.

இனி ஸ்பென்சர் பிளாசா. கோடை விடுமுறையில் சித்தப்பா கூட்டிப்போவார். மவுண்ட் ரோட்டில் வெயிலில் பஸ்ஸை விட்டு இறங்கி, அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளினால் முகத்தில் அடிக்குமே ஒரு குளிர்! இன்றைக்கு வீட்டுக்கு வீடு ஏசி. அன்றைக்கு எங்களுக்கு அந்தக் காற்றே ஊட்டிதான். காசில்லாமல் கிடைத்த ஊட்டி. நகரும் படியில் ஏற அம்மா மறுத்துவிட்டார். புடவைக் கொசுவம் மாட்டிக்கொள்ளும் என்று பயம். அவர் சாதாரணப் படியில் மூச்சிரைக்க ஏறி வருவதற்குள் நாங்கள் மூன்று தடவை மேலும் கீழும் போய் வந்துவிடுவோம்.

ஸ்பென்சர் பழைய பெயர். 1860-களில் வெள்ளைக்காரர்கள் தொடங்கிய கடை. 1895-இல் மவுண்ட் ரோட்டில் செங்கல் சிவப்பில் அழகான கட்டடம் கட்டினார்கள். 1980-களின் தொடக்கத்தில் அது தீப்பிடித்து எரிந்தது. அதே இடத்தில் எழுந்ததுதான் நாங்கள் பார்த்த மால். தாத்தாவுக்குப் பழைய கட்டடம்தான் ஸ்பென்சர். “இது என்ன, கண்ணாடிப் பெட்டி” என்பார்.

அந்தக் கண்ணாடிப் பெட்டியில், மாடியில் ஒரு மூலையில் கேம்ஸ் கடை ஒன்று இருந்தது. சித்தப்பா ஆளுக்கு இரண்டு டோக்கன் வாங்கித் தந்தார். அண்ணன் ஏதோ கார் ஓட்டப் போய்விட்டான். சுவரோரம் அதே முஸ்தபா பெட்டி. சுற்றிப் பத்துப் பேர் இல்லை. ஒருவர்கூட இல்லை. டோக்கனைப் போட்டேன். யாராக ஆடுகிறாய் என்று கேட்டுத் திரையில் நாலு முகம் வந்தது. நாலில் ஒன்று பெண் முகம்.

ஹன்னா டண்டீ என்று அவளுக்குப் பெயர். இரண்டு வருஷம் வாசலில் நின்று பார்த்திருக்கிறேன், அந்த ஆட்டத்தில் ஒரு பெண் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. ஒரு பையனும் அவளை ஒருநாளும் தேர்ந்தெடுத்ததில்லை. மூன்று பேர் சேர்ந்து ஆடுவார்கள், நாலாவது ஆள் வெளியே நிற்பாள். நான் அவளையே எடுத்தேன். ஐந்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை. ஆனால் அந்த ஐந்து நிமிஷத்தில் யாரும் “குனிடா” என்று கத்தவில்லை, யாரும் நான் யார் வீட்டுப் பெண் என்று பார்க்கவில்லை.

மால் வந்து தெருவைக் கெடுத்தது, மனிதர்களைப் பிரித்தது என்று எழுதுகிறார்கள், பேசுகிறார்கள். அதில் உண்மை இருக்கலாம். எங்கள் தெருக் கடையைப் போல் ஒட்டி உறவாடிய இடம் இனி வராது என்று அண்ணன் நெகிழ்கிறான். அவனுக்கு அது சரி. அவன் உள்ளே உட்கார்ந்திருந்தான். எனக்கு என்னமோ, எல்லாருக்கும் என்னைத் தெரிந்த தெருவைவிட, யாருக்கும் என்னைத் தெரியாத அந்தக் குளிர்ந்த மூலைதான் கைகொடுத்தது.

பிறகு பிளேஸ்டேஷன் வந்தது, பிரவுசிங் சென்டர் வந்தது, எல்லாம் போனுக்குள் போனது. மாவு மில் இருந்த இடத்தில் இப்போது அபார்ட்மென்ட். எக்ஸ்பிரஸ் அவென்யூ, ஃபீனிக்ஸ் என்று பெரிய மால்கள் வந்தபின் ஸ்பென்சரில் கூட்டம் மெலிந்துவிட்டது. போன வருஷம் போனேன். பல ஷட்டர்கள் இறங்கிக் கிடந்தன. அந்த மூலை எது என்று அடையாளம் தெரியவில்லை.

பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது பரணிலிருந்து பழைய பெட்டி கிடைத்தது. துப்பாக்கியும் இருந்தது. என் மகள் ஆசையாக வாங்கி, வீட்டு எல்இடி டிவியில் செருகினாள். படம் வந்தது, பாட்டு வந்தது, வாத்தும் வந்தது. எத்தனை சுட்டும் ஒன்றுகூட விழவில்லை. நாய் மட்டும் சிரித்தது. அவள் குறி தவறவில்லை. துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை, அது ஒரு கண், வெளிச்சத்தைப் பார்க்கிறது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் மின்னும். அந்த வெள்ளை அந்தக் கணத்திலேயே துப்பாக்கிக்குத் தெரிய வேண்டும். பிக்சர் டியூப் டிவி உடனே காட்டிவிடும். புது டிவி படத்தை வாங்கி, சரிசெய்து, காட்டுவதற்குள் இமைப்பொழுது தாமதம். துப்பாக்கி அதற்குள் பார்த்து முடித்துவிடுகிறது.

ஆகவே நேயர்களே, உங்களிடம் ஒன்று கேட்கத்தான் இவ்வளவு பேசினேன். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பழைய பிக்சர் டியூப் டிவி ஓடுகிற நிலையில் கிடந்தால், காயலான் கடைக்குத் தூக்கிப் போடும் முன் வானொலி நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதிப் போடுங்கள். பதினாலு இன்ச் போதும். கறுப்பு வெள்ளையானாலும் பரவாயில்லை. நானே ஆட்டோ வைத்து வந்து எடுத்துக்கொள்கிறேன். துப்பாக்கி மகளுக்கு. ஒன்றாம் நம்பர் ஜாய்ஸ்டிக் எனக்கு.