தனிச் சேலையும் குவித்த சேலையும்

(நம் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் துணி எடுக்க நாகப்பட்டினம், கும்பகோணம், தஞ்சாவூர் என்று நாம் கிளம்பும் நேரம் இது. அதனால் துணிக்கடையைப் பற்றியே பேசலாம் என்று நினைத்தேன். துணியைப் பற்றி அல்ல, கடை அதை நம் கண்ணுக்கு எப்படிக் காட்டுகிறது என்பதைப் பற்றி. இதற்கு விஷுவல் மெர்ச்சண்டைசிங் என்று பெயர். பெரிய கடைகளில் இதற்கென்றே ஆள் வைத்திருக்கிறார்கள்.

முதலில் நம் ஊரையே பாருங்கள். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை கடற்கரைக்குப் போகும் வழியில் எந்தக் கடையிலாவது ஒரு சாண் இடம் காலியாக இருக்குமா? தொங்கவிடக்கூடியது எல்லாம் தொங்கும். நிறைய இருந்தால் விலை மலிவாகத்தான் இருக்கும் என்று நம் மனசு தானாகவே முடிவு செய்துவிடுகிறது.

உயர்தரக் கடை இதற்கு நேர் எதிர். கண்ணாடிக்குப் பின்னால் ஒரே ஒரு பொம்மை, அதன் மேல் ஒரே ஒரு சேலை, சுற்றிலும் வெற்றிடம். விலைச் சீட்டு கண்ணில் படாது. அந்த வெற்றிடத்துக்கும் கடைக்காரர் வாடகை கொடுக்கிறார். அது சேலை விலையில்தான் ஏறுகிறது.

நம் பக்கத்துப் பட்டுக் கடைகளுக்கோ தனி வழி. அங்கே சரக்கு அலமாரியில் மடித்தபடி இருக்கும். நாம் உட்கார்ந்திருப்போம், விற்பனையாளர் எடுத்து ஒரே வீச்சில் விரிப்பார், முந்தி நம் மடியில் வந்து விழும். எந்தப் பொம்மையாலும் இதைச் செய்ய முடியாது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திருபுவனம் பட்டுக்கு விசிறி மடிப்பு என்றே ஒரு மடிப்பு உண்டு. விரிப்பதற்கு முன்பே அந்த மடிப்பு வேலையைத் தொடங்கிவிடுகிறது! இருபது சேலை விரித்த பிறகு ஒன்றும் வாங்காமல் எழுந்து வர நம்மில் எத்தனை பேருக்கு மனசு வரும்? அந்தக் கூச்சத்துக்கும் வியாபாரத்தில் பங்கு உண்டு.

இனி மலிவு விலைக் கடைகள். சென்னை தி.நகர் சரவணா ஸ்டோர்ஸின் நெரிசலையும் குவியலையும் பார்த்துத்தான் தமக்கு பிக் பஜார் யோசனை வந்தது என்று கிஷோர் பியானி தம் புத்தகத்திலேயே சொல்லியிருக்கிறார். பிக் பஜார் 2001-இல் தொடங்கியது. கடை ரொம்பப் பளபளப்பாக இருந்தால் 'இது நமக்கானது இல்லை' என்று சாதாரணக் குடும்பங்கள் வாசலிலேயே நின்றுவிடும் என்பது அவர் கணக்கு. அந்தக் குவியல் அலட்சியத்தால் வந்ததல்ல, திட்டமிட்டு வைத்தது.

2016-இல் டாடாவின் ட்ரென்ட் நிறுவனம் தொடங்கிய ஜூடியோ வேறு மாதிரி. நல்ல வெளிச்சம், ஹேங்கரில் வரிசை, பெரிய எழுத்தில் விலை. பெரும்பாலான உடைகள் 999 ரூபாய்க்குள். யாரும் எடுத்துக் காட்ட மாட்டார்கள், நாமே எடுத்து நாமே போட்டுப் பார்க்க வேண்டும். கூச்சம் இல்லாததால் கை தாராளமாகிவிடுகிறது. ஒரு சட்டைக்குப் போய் நான்கோடு வருகிறோம். பில் வரிசையில் நிற்கும்போது பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில் சின்னச் சின்னப் பொருள்கள் ஏன் இருக்கின்றன என்று இனி கவனியுங்கள்.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மஞ்சள் விளக்கில் ஜரிகை தங்கமாக ஜொலிக்கும், அரக்கு நிறம் இன்னும் ஆழமாகத் தெரியும். நானும் ஒரு முறை ஏமாந்திருக்கிறேன். கடையில் மாம்பழ நிறமாக இருந்தது வீட்டில் வெளிறிய மஞ்சளாகிவிட்டது. நம் அம்மாக்கள் சேலையை வாசல் வரை கொண்டுபோய் வெயிலில் பார்த்துவிட்டு வருவார்களே, அதை நாமும் செய்யலாம். நல்ல கடைக்காரர் தடுக்க மாட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அலங்காரம் எந்த வகையானாலும் அதைத் தாங்கி நிற்பது சில பேரின் கால்கள். பட்டுக் கடையில் நாம் உட்கார்ந்திருக்கிறோம், விரிப்பவர் நிற்கிறார். மலிவுக் கடையில் நாம் கலைத்துப் போட்ட டி-ஷர்ட்டுகளை ஒரு பெண் நின்றபடியே நாள் முழுக்க மடிக்கிறார். ரொம்ப காலம் அவர்களுக்கு உட்கார இருக்கை கூடக் கிடையாது. கேரளம் 2018-இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021-இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்து, ஊழியர்கள் எல்லோருக்கும் இருக்கை வசதி கட்டாயம் என்றது. சட்டம் வந்துவிட்டது. ஆனால் அந்த முக்காலி கடையின் அழகைக் கெடுக்கும் என்று ஒளித்து வைக்கும் முதலாளியும் இருப்பார்.

இந்த முறை துணி எடுக்கப் போகும்போது மேடைக்குப் பின்னால் அது இருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள். இல்லையென்றால் கல்லாவில் இருப்பவரிடம் கேளுங்கள். வாங்க வந்தவர் கேட்டால் காதில் விழும்.