வெண்மணித் தீயை எங்கிருந்து காட்டுவது?

(போர்ட் பிளேரில் தமிழ்த் தொழிலாளர்களிடையே நிகழ்த்தப்பட்ட உரை)



இந்நகரின் செல்லுலர் சிறையைப் படம்பிடிக்காத தொலைக்காட்சி இல்லை எனலாம். செக்கும் தூக்குமேடையும் இரும்புக் கதவும் தவறாமல் வரும். 1935இல் அச்சிறைக்குள்ளேயே கைதிகள் கம்யூனிஸ்ட் குழுவை அமைத்துப் படிப்பு வகுப்புகள் நடத்தியதும், 1937 உண்ணாவிரதத்தை அடுத்து அரசியல் கைதிகள் இந்தியப் பெருநிலத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டதும் எத்தனை படங்களில் இடம்பெற்றன? இதற்கு எவரும் பொய் சொல்ல வேண்டியதில்லை. கத்தரித்தாலே போதும்.

கீழ்வெண்மணியைப் பற்றிய படத்துக்கும் இந்தக் கேள்வி உண்டு. 1968 டிசம்பர் 25 இரவு, கீழத்தஞ்சையின் அச்சிற்றூரில், ராமையாவின் குடிசையில் அடைக்கலம் புகுந்த 44 தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பத்தினர் உயிரோடு எரிக்கப்பட்டனர். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள். பாரதி கிருஷ்ணகுமார் இயக்கிய ‘ராமையாவின் குடிசை’ ஆவணப்படம் வந்தது 2005இல். இடையில் ஒரு தலைமுறை கடந்துவிட்டது.

அன்றிரவு அங்கே கேமரா இல்லை. ஆகவே இப்பொருளைத் தொகுப்பவரின் மேசையில் இருக்கக்கூடியவை உயிர் தப்பியவர்களின் முகங்கள், சில புகைப்படங்கள், நீதிமன்ற ஆவணங்கள், இன்றைய வயல்வெளி ஆகியவையே. வழக்கமான தொலைக்காட்சித் தொகுப்பு இந்த இடைவெளியை வேறெங்கோ எடுத்த தீச்சுவாலையாலும் சோக இசையாலும் நிரப்பிவிடும். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 பள்ளிக் குழந்தைகள் கருகியபோது, தாய்மார்களின் கதறல் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டது. கூரை வேய்ந்த அந்தக் கட்டடத்துக்கு அனுமதி கொடுத்தவர்கள் திரையில் வந்தது சொற்பமே.

வெண்மணியில் படம் தீயிலிருந்து தொடங்கினால், பார்ப்பவருக்கு அது வெறிகொண்ட ஒரு கும்பலின் கொடூரமாக மட்டும் தெரியும். அரைப்படி நெல் கூலி உயர்விலிருந்து தொடங்கினால் கூலித் தகராறாகச் சுருங்கும். செங்கொடியை இறக்கிவிட்டு நெல் உற்பத்தியாளர் சங்கத்தின் கொடியை ஏற்றச் சொன்ன மிராசுதார்களின் மிரட்டலையும், வெளியூர் ஆட்களை அறுவடைக்கு இறக்கியதையும் முதலில் வைத்தால்தான், சங்கம் சேரும் உரிமைக்காக அம்மக்கள் கொடுத்த விலை விளங்கும். இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ நாவல் இடதுசாரிகளிடம் கடும் விமர்சனத்துக்கு உள்ளானதும் இதனால்தான். நிலப்பிரபுவின் ஆண்மைக் குறைபாட்டை அது மையத்தில் வைத்தது. வர்க்கப் பகை ஒரு தனிமனிதனின் மனக்கோளாறாகிப் போனது.

சங்கடமான ஒரு செய்தியும் உண்டு. அதே நாளில் மிராசுதார்களின் ஆள் ஒருவரும் கொல்லப்பட்டார். அவ்வழக்கில் விவசாயத் தொழிலாளர்கள் தண்டனை அடைந்தனர். ‘இது படத்தில் வேண்டாமே’ என்று நம் பக்கத் தோழரே சொல்லக்கூடும். அது தவறான யோசனை. விட்டுவிட்டால் எதிரி அதை மட்டும் எடுத்துக் காட்டுவான். மேலும், தீ வைத்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதன் பக்கத்தில் வைத்தால்தான் இத்தண்டனையின் பொருளே புலப்படும்.

கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டோரைக் கீழ் நீதிமன்றம் தண்டித்தது. சென்னை உயர்நீதிமன்றமோ 1973இல் விடுவித்தது. பெரும் நிலமும் காரும் உடைய பணக்காரர்கள் வேலையாட்களின் துணையின்றித் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என நம்புவது கடினம் என்பது அத்தீர்ப்பின் வாதம். தொகுப்பாளர் இதற்கு விளக்கவுரை எதுவும் சேர்க்க வேண்டாம். வாசகத்தை நிதானமாகப் படிக்கவிட்டு, இசையை நிறுத்திவிட்டு, அடுத்த காட்சியில் உயிர் தப்பிய ஒருவரின் முகத்தை வைத்தால் போதும்.

முடிவு எங்கே? 1980இல் நாயுடு கொலையுண்டார். படத்தை அங்கே முடித்தால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் பழிதீர்த்த கதையாகிவிடும். நிலமும் கூலியும் என்ன ஆயின என்ற கேள்வி காணாமல் போகும்.

வெண்மணி நினைவிடத்தில் 44 பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. ஒரு பெயருக்கு இரண்டு வினாடி என்றாலும் 88 வினாடி ஆகும். தொலைக்காட்சிக்காரர்கள் அதை நீளம் என்பார்கள். ஒரு விளம்பர இடைவேளைக்கு அவர்கள் அதைவிடக் கூடுதலாகவே ஒதுக்குகிறார்கள்.